கைமாறிய நாணயம், கைபடாத நாணயம்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னை கலைவாணர் அரங்கில் ஒரு நாணயத்துக்கு விழா நடந்தது. மு. கருணாநிதியின் நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு அச்சிட்ட நூறு ரூபாய் நாணயத்தைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் வெளியிட, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பெற்றுக்கொண்டார். நாமக்கல் மாவட்டம் கோனூரில் பிறந்து ஒன்றிய இணை அமைச்சராக உயர்ந்த எல். முருகனும் விழாவுக்கு வந்திருந்தார். சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாணயத்தை இன்றுவரை கையால் தொட்டதில்லை. இனித் தொடப்போவதும் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இதற்கு நேர்மாறு. 1964 மே 27-இல் நேரு மறைந்தார். அவர் முகம் பொறித்த ஒரு ரூபாயும் ஐம்பது காசும் அந்த ஆண்டே அச்சாயின. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவை. அன்றைய சேலம் மாவட்டம் ஒசூரில் தொடங்கி, பரமத்தி வேலூரில் காவிரிக் கரையைத் தொடும் வரை நீண்டு கிடந்தது. தருமபுரி 1965-இல்தான் பிரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமாக 1997 வரை காத்திருந்தது. அந்தப் பெரிய பரப்புக்குள் நேரு நாணயம் விழாவாக வரவில்லை, சில்லறையாக வந்தது. கருவூலத்துக்கும் வங்கிக்கும் மூட்டையில் வந்து, அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வேட்டி மடிப்புக்கும் சுருக்குப் பைக்கும் போய்ச் சேர்ந்தது. மாடு விற்றவரும் கூலி வாங்கியவரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் செலவழித்தார்கள்.

அன்று கொண்டாட்டம் இல்லாமல் எல்லோர் கையிலும் இருந்தது. இன்று கொண்டாட்டம் இருக்கிறது, நாணயம் கையில் இல்லை. இந்த மாற்றத்தில் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

உலோகத்திலிருந்து தொடங்கலாம். சேலத்துக்கு வெள்ளியின் எடை புதிதல்ல. கொலுசுப் பட்டறைகளின் ஊர் அது. ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கிராமில் சொன்னால் ஏறத்தாழ 10.7. ராஜா தலை ரூபாய் என்று அதைப் பானையில் போட்டு வைத்தவர்களும் உண்டு, பட்டறையில் உருக்கிக் காலுக்குக் கொலுசாக்கியவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல் அரசு ரூபாயின் கலவையை மாற்றியது: பாதி வெள்ளி, நாற்பது விழுக்காடு செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடு. 1947-இல் அந்தப் பாதி வெள்ளியும் போய், ரூபாய் முழு நிக்கலானது. நேரு ரூபாயும் நிக்கல்தான்.

கருணாநிதி நாணயத்தின் கலவையைப் பார்த்தால் அதே போர்க்கால விகிதம் திரும்பி வந்திருக்கிறது. வெள்ளி ஐம்பது, செம்பு நாற்பது, நிக்கல் ஐந்து, துத்தநாகம் ஐந்து. எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். அதாவது அதில் 17.5 கிராம் வெள்ளி இருக்கிறது. அன்றைய ஒரு ரூபாயில் பத்தரைக்கு மேல், இன்றைய நூறு ரூபாயில் பதினேழரை. பணத்தின் மதிப்பு சில தலைமுறைகளில் எவ்வளவு தேய்ந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது வறுமையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. இன்று அதே பாதி வெள்ளி பெருமையின் அடையாளமாகப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது.

நேருவுக்குப் பின் வந்த நினைவு நாணயங்களும் தெருவுக்குத்தான் வந்தன. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு நான்கு நாணயங்கள் வெளியாயின: இருபது காசு, ஐம்பது காசு, ஒரு ரூபாய், பத்து ரூபாய். பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடையில் எண்பது விழுக்காடு வெள்ளி கொண்டது. அது பெரும்பாலும் பத்திரப்படுத்தப்பட்டது. ஆனால் பொன்னிறத்தில் மின்னிய இருபது காசு கடைக்குக் கடை உருண்டது. காந்தியை நேரில் கண்டவர்கள் அப்போது இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளியில் உயிரோடு இருந்தார்கள். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமத்துக்குக் காந்தியே வந்திருக்கிறார். நேரில் பார்த்த முகத்தையே அவர்கள் இருபது காசிலும் பார்த்தார்கள்.

அடுத்து வந்தவை இன்னும் எளியவை. 1970-களில் ஐந்து காசிலும் பத்து காசிலும் கூட அரசு செய்தி சொன்னது. திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு, எல்லோருக்கும் வேலை, வளர்ச்சிக்காகச் சேமிப்பு, 1979-இல் குழந்தைகள் ஆண்டு. அலுமினியத்தில் செய்த அந்தக் காசுகள் தண்ணீரில் போட்டால் மிதக்குமோ என்று தோன்றும்படி அவ்வளவு லேசாக இருந்தன. ஆனால் அவை போகாத வீடு இல்லை. மிட்டாய் வாங்கப் போன குழந்தையின் உள்ளங்கையில் குழந்தைகள் ஆண்டின் சின்னம் இருந்தது. அதற்காக அந்தக் குழந்தை எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை, எந்த விலையும் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

அன்றைய முறையைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தக் காசுகளில் எழுதியிருந்தது இந்தியும் ஆங்கிலமும்தான். நாடு முழுவதற்கும் பேசிய அரசு, இந்தச் சமவெளியின் மொழியில் ஒரு சொல் கூடப் பொறிக்கவில்லை. எல்லோர் கைக்கும் வந்த செய்தியைக் கையில் வைத்திருந்த பலரால் படிக்க முடியவில்லை. படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள், அல்லது புரியாமலே செலவழித்தார்கள்.

இத்தனைக்கும் நாணயத்தில் தமிழ் எழுதுவது இந்தப் பகுதிக்குப் பழைய வழக்கம். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் உள்ள பெயர் கொல்லிப்புறை என்று படிக்கப்பட்டிருக்கிறது. நாமக்கல்லின் கொல்லிமலையைத் தன் பெயரில் தாங்கிய சேர மன்னனின் காசு அது. சங்ககாலக் காசுகளைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. மலையின் பெயரைத் தமிழில் பொறித்துக் காசு வெளியிட்ட நிலத்துக்கு, குடியரசின் நாணயத்தில் தமிழ் வர நெடுங்காலம் ஆயிற்று. அண்ணா நூற்றாண்டுக்காக 2009-இல் வந்த நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் இடம்பெற்றது. 2024-இன் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற தொடர் இருக்கிறது. இன்றைய காலம் தந்த கொடைகளில் இதை முதலில் வைக்க வேண்டும்.

இரண்டாவது கொடை, நமக்குத் தெரிந்த முகங்கள் நாணயத்தில் ஏறியது. காமராசருக்கும், அண்ணாவுக்கும், பசுமைப் புரட்சிக்கு அடித்தளமிட்ட சி. சுப்பிரமணியத்துக்கும், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும், எம்.ஜி.ஆருக்கும் நாணயங்கள் வந்துவிட்டன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயமே வந்தது. 2025 ஜூலை 27-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கான நாணயத்தைப் பிரதமர் மோடி வெளியிட்டார்.

நாணயத்தில் ஏறிய தமிழ் முகங்களில் மூவருக்குச் சேலத்தோடு நேரடி உறவு உண்டு. 1944 ஆகஸ்ட் 27-இல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில்தான் அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்தத் தீர்மானம் அண்ணாவின் பெயராலேயே வழங்குகிறது. சில ஆண்டுகள் கழித்து, திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் கருணாநிதி வசனம் எழுதினார், எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்தார். ‘மந்திரி குமாரி’ 1950-இல் வெளிவந்தது. அந்தப் படப்பிடிப்பு நடந்த நாட்களில் அவர்கள் வாங்கிய சம்பளத்தில் ஆறாம் ஜார்ஜின் தலைதான் இருந்திருக்கும். அசோகத் தூணின் சிங்க முகங்களோடு குடியரசின் சொந்த நாணயங்கள் 1950 ஆகஸ்ட் 15-இல்தான் புழக்கத்துக்கு வந்தன. மன்னர் தலை பொறித்த காசைச் சம்பளமாக வாங்கிய இரு இளைஞர்களின் தலையும் பின்னாளில் நாணயத்தில் ஏறியது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டு நாணயத்தை 2019 ஜனவரி 17-இல் வெளியிட்டவர், சேலம் மாவட்டத்து எடப்பாடி கே. பழனிசாமி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று நிற்பது முகப்பு வளைவு மட்டும்.

மூன்றாவது கொடை, எளிதில் வாங்க முடிவது. முன்பு ஒரு சேகரிப்பாளர் நினைவு நாணயத் தொகுப்பு வேண்டுமென்றால், மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ படிவம் அனுப்ப வேண்டும். வங்கியில் வரிசையில் நின்று வரைவோலை எடுத்து, அதைப் பதிவுத் தபாலில் சேர்த்து, பல மாதம் காத்திருக்க வேண்டும். அரசு நாணயச்சாலைகள் 2006 முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. இன்று அறிவிப்பு வந்ததும் கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். சேந்தமங்கலத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே வரிசை. பெட்டி, விளக்க அட்டை, கண்ணாடி போல் மின்னும் பரப்பு என்று நாணயமும் அழகாக வருகிறது. வேலைப்பாட்டில் 1964-இன் நாணயம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்தால்தான் அது கிடைக்கும். நூறு ரூபாய் என்று பொறித்திருந்தாலும் அதை யாரும் நூறு ரூபாய்க்குச் செலவழிக்கப் போவதில்லை. நாணயத்தின் வேலை கைமாறுவது. கைமாறாத நாணயம் ஒரு பதக்கம். பதக்கத்துக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது ஒருவர் வீட்டு அலமாரியோடு நின்றுவிடுகிறது.

இடைப்பட்ட காலத்தில் ஒரு நல்ல வழி இருந்தது. 1990-களிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும் நாணயத்தோடு சிறு நாணயமும் வந்தது. தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995-இல் திருவள்ளுவர் உருவத்தோடு புழக்க நாணயங்கள் வந்தன. காமராசருக்கும், அண்ணாவுக்கும், சி. சுப்பிரமணியத்துக்கும், பெரிய கோயிலுக்கும் நூறு, ஆயிரம் ரூபாய் நாணயங்கள் பெட்டிக்குப் போனபோது, அதே உருவத்தோடு ஐந்து ரூபாய் நாணயங்கள் பேருந்திலும் உழவர் சந்தையிலும் புழங்கின. சேகரிப்பாளருக்கு ஒன்று, சாமானியருக்கு ஒன்று. அண்ணாவின் கையொப்பத்தை எத்தனையோ பேர் முதன்முதலில் பார்த்தது நடத்துநர் கொடுத்த மீதிச் சில்லறையில்தான். இன்றும் பெட்டிக்கடைச் சில்லறை டப்பாவைக் கிளறினால் அந்த ஐந்து ரூபாய் கிடைக்கலாம். கருணாநிதியின் நூற்றாண்டு நாணயத்துக்கு அப்படி ஒரு சிறு துணை இல்லை.

சில்லறையே நம் வாழ்வில் சுருங்கிவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆயின. ஐம்பது காசு சட்டப்படி செல்லும், கடையில் செல்லாது. ஆனால் நாமக்கல் முட்டைக்கு அறிவிக்கப்படும் கொள்முதல் விலை இன்றும் காசுக் கணக்கில்தான் ஏறி இறங்குகிறது. முட்டைக்கு ஐந்து காசு உயர்வு என்று செய்தி வருகிறது. அந்த ஐந்து காசு இலட்சக்கணக்கான முட்டைகளில் பெருகிப் பண்ணைக்காரரின் இலாப நட்டத்தை முடிவு செய்கிறது. ஆனால் ஐந்து காசு நாணயத்தை இன்றைய பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பார்த்ததில்லை. அன்று ஐந்து காசு உள்ளங்கையில் இருந்தது. இன்று கணக்குப் புத்தகத்தில் மட்டும் உயிர் வாழ்கிறது.

புழக்கத்தில் இருக்கும் நாணயத்துக்கும் மரியாதை குறைந்தது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. பல வடிவங்களில் இருந்ததால் எது நிஜம், எது போலி என்ற ஐயம் பரவியது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் தந்தது. அந்த வடிவங்களில் பல, நினைவு நாணயங்களாக வெளிவந்தவை. 1964-இல் புது முகத்தோடு வந்த ரூபாயை மாடு விற்றவர் தயங்காமல் மடியில் கட்டிக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் புது வடிவம் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. 2022-இல் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இந்த மறுப்பைக் கண்டு மனம் பொறாமல், ஆறு இலட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொடுத்துக் கார் வாங்கினார். சிறுவர்கள் அந்த நாணயங்களை வைத்து விளையாடியதைப் பார்த்ததுதான் அவரை அப்படிச் செய்யத் தூண்டியது என்று செய்திகள் கூறின. அதே ஆண்டு சேலத்தில் இன்னோர் இளைஞர் ஒரு ரூபாய் நாணயங்களாகச் சேர்த்து 2.6 இலட்சம் ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார். கடைக்காரர்கள் எண்ணி முடிக்கப் பத்து மணி நேரம் ஆனது.

இன்று டீக்கடை மேசையில் சதுரக் கட்டங்கள் அச்சிட்ட அட்டை நிற்கிறது. பன்னிரண்டு ரூபாய் டீக்கும் கைப்பேசியை நீட்டினால் பணம் போய்விடுகிறது. சில்லறைத் தகராறு ஒழிந்தது. கடைக்காரரின் நேரம் மிச்சமானது. இரவில் கல்லாவை எண்ணும் வேலை குறைந்தது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் கைப்பேசித் திரையில் போகும் பணத்துக்கு முகம் இல்லை. அது யாரையும் நினைவூட்டுவதில்லை.

இந்தச் சமவெளி நாணயத்தைச் செலவழித்தது மட்டும் அல்ல, அதற்கு உடல் கொடுத்ததும் உண்டு. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலைக்கு 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து நாணய வில்லைகளை வெட்டி எடுக்கும் பிரிவு ஆண்டுக்கு 3,600 டன் திறனோடு அமைந்தது. எழுத்தும் முகமும் இல்லாத அந்த வட்ட வில்லைகள் அரசு நாணயச்சாலைகளுக்குப் போயின. அங்கே முத்திரை வாங்கி, நாடு முழுவதும் சில்லறையாகப் பரவின. சேலத்தில் வெட்டிய வில்லை வேறு ஊரில் அச்சாகி, மீண்டும் சேலத்துப் பழக்கடைக்கே வந்து சேரவும் வாய்ப்பு இருந்தது. வெள்ளி கலந்த நூறு ரூபாய் நாணயத்துக்கு அந்தச் சுற்று கிடையாது.

புழக்க நாணயத்தின் வழி அரசுக்கு முற்றிலும் மறந்துவிடவில்லை. விடுதலையின் 75-ஆம் ஆண்டுச் சின்னத்தோடு 2022 ஜூனில் வெளியிட்ட ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபது ரூபாய் நாணயங்கள் சந்தைக்கு வந்தன, கையிலும் புழங்குகின்றன. பார்வையற்றோரும் தொட்டு அறியும்படி அவை வடிவமைக்கப்பட்டவை. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அவையே சான்று.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது. தமிழ் எழுத்தும், தமிழ் முகங்களும், நுட்பமான வேலைப்பாடும், வீட்டிலிருந்தே வாங்கும் வசதியும் நமக்குக் கிடைத்தன. விலை கொடுக்காமல், விழாவுக்குப் போகாமல், கூலியோடும் மீதிச் சில்லறையோடும் ஒரு வரலாறு கைக்கு வந்து சேர்ந்த நாட்கள் போயின. பெற்றதை விட்டுவிட்டு இழந்ததைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்த காலம் மிக அண்மையில்தான் இருந்தது.

ஒன்றிய நிதி அமைச்சகத்துக்கு இந்தச் சமவெளியிலிருந்து ஒரு வேண்டுகோள்: இனி எந்தத் தலைவருக்கு, எந்தக் கவிஞருக்கு, எந்தக் கோயிலுக்கு நினைவு நாணயம் வெளியிட்டாலும், பெட்டிக்குள் போகும் நூறு ரூபாயோடு, அதே முகமும் அதே தமிழ் எழுத்தும் கொண்ட ஓர் ஐந்து ரூபாயையோ பத்து ரூபாயையோ புழக்கத்துக்கு விடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பத்து ரூபாய் நாணயத்தை மறுக்காமல் வாங்குங்கள். சில்லறையில் ஒரு முகம் கண்ணில் பட்டால், அது யார் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, பிறகு செலவழியுங்கள்.